விருப்பு வாக்கை எடுங்கள், விகிதாசாரத்தை விட்டுவையுங்கள்

கேள்வி: இலங்கையில் விருப்பு வாக்கு முறையை ஒழித்துவிட்டு, பழையபடி தொகுதிக்கு ஒரு எம்.பி. என்ற முறைக்கே திரும்பினால் என்ன குறை?

நீங்கள் கம்பஹா, கொழும்பு, குருநாகல் போன்ற பெரிய மாவட்டம் ஒன்றில் இருப்பவர் என்று நினைக்கிறேன். உங்கள் ஊருக்கு எம்.பி. யார் என்று கேட்டால் பதில் கிடையாது. தேர்தல் வந்தால் மட்டும் இருபது முகங்கள் சுவரில் தெரியும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதை விகிதாசாரம் தீர்மானிக்கிறது. அந்த ஆசனங்களில் யார் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. இரண்டாவதில் கை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். முதலாவதில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கணக்கு இருக்கிறது.

1970ஐ எடுங்கள். தெரிவு செய்ய வேண்டிய ஆசனங்கள் 151. ஐக்கிய தேசியக் கட்சி 37.9 சதவீத வாக்கு எடுத்து 17 ஆசனம் பெற்றது. சிறீலங்கா சுதந்திரக் கட்சி 36.9 சதவீதம் எடுத்து 91 பெற்றது. சுதந்திரக் கட்சி கூட்டணியில் இருந்ததால் எல்லாத் தொகுதியிலும் நிற்கவில்லை, ஒப்பீடு பிழை என்று யாராவது கீழே எழுதுவீர்கள். சரி, கூட்டணியையே மொத்தமாகப் பாருங்கள்: பாதிக்குச் சற்றுக் குறைந்த வாக்குக்கு 116 ஆசனம். 1977இல் இன்னும் மோசம். ஐ.தே.க. 50.9 சதவீதத்துக்கு 168இல் 140 ஆசனம். சுதந்திரக் கட்சி 29.7 சதவீதத்துக்கு வெறும் 8. ஏழு சதவீதத்துக்கும் குறைவாக எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. அந்தக் கட்சியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். வடக்கிலும் கிழக்கிலும் செறிந்து கிடந்த வாக்குகள் அந்த முறையில் ஆசனமாகின, நாடு முழுதும் பரவிக் கிடந்த வாக்குகள் ஆகவில்லை. அந்த ஆறில் ஐந்து பெரும்பான்மையோடுதான் 1978 அரசியலமைப்பு வந்தது. அதே பெரும்பான்மையை இன்னும் ஆறு ஆண்டு நீட்டிக்கத்தான் 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள்.

"2024இல் விகிதாசார முறையிலும் தேசிய மக்கள் சக்திக்கு மூன்றில் இரண்டு ஆசனம் கிடைத்ததே" என்பது அடுத்த வாதம். கிடைத்தது. ஆனால் அது 61.56 சதவீத வாக்குக்குக் கிடைத்த 159 ஆசனம். அதே வாக்கைத் தொகுதி தொகுதியாக எண்ணியிருந்தால் எதிரணியில் மிகச் சிலரே மிஞ்சியிருப்பார்கள். இதில் எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ நான் எழுதவில்லை. இன்று இந்தக் கட்சிக்கு நடப்பது நாளை இன்னொன்றுக்கு நடக்கும்.

இப்போதுள்ள முறை எப்படி எண்ணப்படுகிறது என்று தெரியாமல் திருத்தம் பேசுவதில் பயனில்லை. மொத்தம் 225. அதில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள், 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்து. 196இல் 36 ஆசனம் மாகாணத்துக்கு நான்கு என்று நிலையானது. மீதி 160 பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகைப்படி மாவட்டங்களுக்கிடையே நகரும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 இருந்தது, 2015இல் 7 ஆனது, 2024இல் 6 ஆகிவிட்டது.

அந்த 2024 யாழ்ப்பாண முடிவையே போட்டுக் காட்டுகிறேன். செல்லுபடியான வாக்கு 325,312. தேசிய மக்கள் சக்தி 80,830. தமிழரசுக் கட்சி 63,327. தமிழ்க் காங்கிரஸ் 27,986. சுயேச்சைக் குழு 17 எடுத்தது 27,855. ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513. ஈ.பி.டி.பி. 17,730. மற்ற எல்லாரும் ஐந்து சதவீத வெட்டுப்புள்ளிக்குக் கீழே.

முதலில், அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அது தேசிய மக்கள் சக்திக்குப் போகிறது. அடுத்து, வெட்டுப்புள்ளியைத் தாண்டாதவர்களின் வாக்கு முழுவதும் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. மிஞ்சுவது 240,241. அதாவது நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வாக்கு இந்தக் கட்டத்திலேயே வெளியே போய்விட்டது. மீதியை ஐந்தால் வகுத்தால், பின்னத்தை மேலே தூக்கி, 48,049 வரும். இந்தத் தொகை முழுதாக இருப்பது இரண்டு கட்சியிடம்தான்: தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக்கு ஒன்று. இன்னும் மூன்று ஆசனம் மீதம். அவை பெரிய மிச்சம் யாரிடமோ அவர்களுக்கு: தேசிய மக்கள் சக்தியின் மிச்சம் 32,781, காங்கிரஸ் 27,986, சுயேச்சை 27,855. முடிவு 3, 1, 1, 1. கால் பங்கு வாக்குக்கு அரைவாசி ஆசனம்.

இப்போது போனஸை மட்டும் எடுத்துவிட்டு அதே வாக்கை மீண்டும் எண்ணுங்கள். 240,241ஐ ஆறால் வகுத்தால் 40,041. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு முழுதாக வருகிறது, மிச்சம் 748. தமிழரசுக்கு ஒன்று, மிச்சம் 23,286. மிச்ச வரிசையில் காங்கிரஸ், சுயேச்சை, தமிழரசு என்று மூன்று ஆசனமும் போய்விடும். முடிவு 2, 2, 1, 1. ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 773 வாக்கில் தவறவிடும். ஒரே வாக்கு, ஒரே வெட்டுப்புள்ளி. போனஸ் ஒன்று மட்டும்தான் வேறுபாடு. நாடு முழுவதும் இப்படி 22 போனஸ் ஆசனங்கள் இருக்கின்றன. 2024இல் மட்டக்களப்பைத் தவிர மற்ற 21ஐயும் ஒரே கட்சி எடுத்தது. விகிதாசாரத்தின் மீது நாம் சொல்லும் குறைகளில் பாதி இந்தப் போனஸின் குறை. அதைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் வெல்லும் என்று நினைக்கும் எந்தக் கட்சிக்கும் அதை இழக்க மனமில்லை.

வெட்டுப்புள்ளி முதலில் எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம். 1988 டிசம்பரில் 15ஆம் திருத்தம் அதை 5 ஆக்கியது. முஸ்லிம் காங்கிரஸின் அஷ்ரப் அழுத்தியதால் வந்தது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். 12.5இலேயே நின்றிருந்தால் மேலே சொன்ன யாழ்ப்பாணக் கணக்கில் இரண்டு கட்சிதான் மிஞ்சியிருக்கும்.

விருப்பு வாக்குக்கு வருகிறேன். இது 1988இன் 14ஆம் திருத்தத்தில் வந்தது, 1989 பொதுத்தேர்தலில் பயன்பட்டது. கட்சி தன் பட்டியலில் ஆசன எண்ணிக்கையோடு மூன்று பேர் கூட்டி நிறுத்தும். கம்பஹாவில் 19 ஆசனம் என்றால் 22 பேர். இந்த 22 பேரும் ஒரே கட்சி, ஒரே சின்னம். மற்றக் கட்சிக்காரனிடமிருந்து வாக்கைப் பிடுங்குவது கடினம், பக்கத்தில் நிற்கும் சொந்தக் கட்சிக்காரனிடமிருந்து விருப்பு வாக்கைப் பிடுங்குவது எளிது. ஆகவே சண்டை உள்ளேயே நடக்கிறது. களமோ ஒரு தொகுதி அல்ல, முழு மாவட்டம். பணம் இல்லாதவர் அங்கேயே விழுந்துவிடுகிறார். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது நல்லதுதான். ஆனால் களம் அத்தனை பெரிதாக இருக்கும்வரை உச்சவரம்பும் பெரிதாகத்தான் இருக்கும்.

வாக்குச்சீட்டும் பிரச்சினை. மேலே கட்சிக்கு நேரே புள்ளடி, கீழே வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி. மூன்றுக்கு மேல் இட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு போய்விடும். மேலே கட்சிக்கு இடாமல் கீழே இலக்கத்துக்கு மட்டும் இட்டால் சீட்டு முழுவதும் நிராகரிக்கப்படும். இலக்கத்தையே பிரசாரம் செய்யும் வேட்பாளர்கள் இதைச் சொல்லித் தருவதில்லை. அண்மைப் பொதுத்தேர்தல்களில் நிராகரிக்கப்பட்ட வாக்கு ஐந்து ஆறு சதவீதம். அதே வாக்காளர்கள் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கும்போது அது ஒன்று இரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது.

இத்தனைக்கும் பிறகு விருப்பு வாக்கை அப்படியே தூக்கி எறி என்று என்னால் சொல்ல முடியாது. பதுளை, கண்டி, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் மலையகத் தமிழர் சிதறி இருக்கிறார்கள். முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் கிழக்குக்கு வெளியே வாழ்கிறார்கள். எந்தத் தொகுதிக் கோட்டுக்குள்ளும் இவர்கள் பெரும்பான்மை ஆவதில்லை. ஆனால் ஒரு பெரிய கட்சியின் பட்டியலில் தங்களவர் ஒருவர் நின்றால், விருப்பு வாக்கை ஒருவர் மேல் குவித்து அவரை மேலே கொண்டுவர முடிகிறது. 2024இல் பதுளையிலிருந்து ஒரு மலையகத் தமிழ்ப் பெண் பாராளுமன்றம் போனதும் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் விருப்பு வாக்கு எடுத்துத்தான். விருப்பு வாக்கை எடுப்பவர்கள் இந்த வாசலுக்கு மாற்று வாசல் திறந்துவிட்டு எடுக்க வேண்டும்.

பழைய தொகுதி முறையில்கூட அதற்கு ஒரு வழி இருந்தது. இப்போது தொகுதி முறையைக் கேட்பவர்கள் அதை மறந்துவிட்டுக் கேட்கிறார்கள். 1976 எல்லை நிர்ணயத்தில் 160 தொகுதிகள், 168 உறுப்பினர்கள். கூடுதல் எட்டுப் பேர் பல அங்கத்தவர் தொகுதிகளிலிருந்து வந்தார்கள்: நுவரெலியா-மஸ்கெலியாவுக்கு மூன்று, கொழும்பு மத்திக்கு மூன்று, மட்டக்களப்பு, பொத்துவில், பேருவளை, ஹாரிஸ்பத்துவ ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு. அங்கே வாக்காளருக்கு ஆசன எண்ணிக்கை அளவு வாக்கு. அத்தனையையும் ஒருவருக்கே போடலாம். 1977இல் மலையகத் தமிழர் தலைவர் தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாவின் மூன்று பேரில் ஒருவராக வந்தது அதனால்தான்.

"அப்படியானால் கலப்பு முறை வைத்துவிடலாமே" என்பீர்கள். வைத்துப் பார்த்துவிட்டோம். 2017ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் உள்ளூராட்சிக்கு 60 பங்கு வட்டாரம், 40 பங்கு பட்டியல் என்று வைத்தது. 2018 பெப்ரவரியில் தேர்தல் நடந்தது. நாலாயிரத்து ஐந்நூறு அளவில் இருந்த உறுப்பினர் தொகை எட்டாயிரத்தைத் தாண்டியது. பல சபைகளில் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. 2025 மே மாதத் தேர்தலிலும் அதேதான்: கொழும்பு மாநகர சபையில் முதலிடம் பெற்ற கட்சிக்கு 117இல் 48.

உறுப்பினர் தொகை கூடியதற்குப் பெரிய காரணம் சட்டத்திலேயே சபைகளைப் பெரிதாக்கியது. மீதிக் காரணமும், தொங்கு சபைகளும் 60க்கு 40 என்ற விகிதத்தில் இருக்கின்றன. 100 பேர் கொண்ட சபை என்று வையுங்கள்: வட்டாரம் 60, பட்டியல் 40. ஒரு கட்சி 40 சதவீத வாக்கு எடுக்கிறது, எதிரணி பிளந்து கிடப்பதால் 60இல் 54 வட்டாரத்தை வெல்கிறது. வாக்குப்படி அதற்கு உரியது 40. ஆனால் வென்ற வட்டாரத்தைப் பறிக்க முடியாது, ஆகவே 54ஐயும் வைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு உரிய 60ஐயும் கொடுத்தாக வேண்டும். சபை 114 ஆகிவிடும். அந்த 114இல் 54 பேர் பாதிக்குக் குறைவு. சபையும் வீங்கியது, ஆட்சியும் கிடைக்கவில்லை. இப்போது 50க்கு 50 வையுங்கள். அதே கட்சி 45 வட்டாரம் வெல்லும், வீக்கம் ஐந்துதான். 40க்கு 60 வைத்தால் 36 வட்டாரம் வெல்லும், வீக்கமே இல்லை. 60க்கு 40 என்பது எந்தக் கணக்கிலும் வராத விகிதம். 2015இல் கொண்டுவரப் பார்த்த 20ஆம் திருத்த யோசனையும் 237 பேரில் 145 தொகுதி என்று அதே விகிதத்தில்தான் இருந்தது. பாராளுமன்றம் கலைந்ததால் அது நின்றுபோனது.

பெண்களுக்கும் இதே இடத்தில்தான் அடி. 25 சதவீத ஒதுக்கீட்டுக்காகக் கட்சிகள் வட்டார வேட்பாளரில் 10 சதவீதமும் மேலதிகப் பட்டியலில் 50 சதவீதமும் பெண்களை நிறுத்த வேண்டும். உரிய ஆசனத்தை வட்டாரத்திலேயே முடித்துவிட்ட கட்சிக்குப் பட்டியலிலிருந்து ஒருவரும் வருவதில்லை. பெண்கள் நின்றது அந்தப் பட்டியலில்தான்.

மாகாண சபைக் கதை இன்னும் கசப்பு. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் பழைய முறையை நீக்கி 50க்கு 50 கலப்பு முறையை வைத்தது. விகிதம் சரி. ஆனால் தொகுதி எல்லை இல்லாமல் புதிய முறை நடக்காது, பழைய முறையோ சட்டத்தில் இல்லை. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. கொண்டுவந்தவர்களே கைவிட்டார்கள். பிறகு நியமித்த மீளாய்வுக் குழு அறிக்கை தரவே இல்லை. 2014 ஊவாத் தேர்தலுக்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் காலாவதியானது, ஆளுநர் ஆட்சி தொடர்கிறது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தில் ஒரேயொரு பிரிவு குறைந்தது: குறித்த திகதிக்குள் எல்லைகள் வர்த்தமானியில் வராவிட்டால் அடுத்த தேர்தல் பழைய சட்டப்படி நடக்கும் என்ற பிரிவு. அது இல்லாத எந்தத் தேர்தல் திருத்தத்தையும், அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எதிர்க்க வேண்டும்.

ஆகவே எப்படிச் செய்யலாம்? 225 பேர் என்பதைக் கூட்ட வேண்டாம். தொகுதி ஆசனம் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, அதாவது 112. சிதறிய சமூகங்கள் உள்ள இடங்களில் இரண்டு மூன்று அங்கத்தவர் தொகுதிகளை மீண்டும் கொண்டுவர வேண்டும். மீதி 113ஐ மாகாண மட்டத்தில் ஈடுசெய்யும் ஆசனமாக, அதாவது வாக்குக்கு உரியதைவிடக் குறைவாகத் தொகுதி வென்ற கட்சிக்கு அந்தக் குறையை நிரப்பும் ஆசனமாக, வைக்கலாம். மாவட்ட மட்டத்தில் ஈடுசெய்தால் ஐந்தாறு ஆசனத்துக்குள் கணக்குச் சரிப்படாது. போனஸ் ஆசனம் போக வேண்டும். வெட்டுப்புள்ளியை எக்காரணம் கொண்டும் நாடு தழுவியதாக வைக்கக் கூடாது. 2024இல் தமிழரசுக் கட்சி நாடு முழுவதும் எடுத்தது 2.31 சதவீதம், தேசிய மட்டத்தில் 5 என்று வைத்தால் எட்டு எம்.பி. உள்ள கட்சி பூச்சியமாகிவிடும். நியூசிலாந்தில் 5 சதவீதம் அல்லது ஒரு தொகுதி வெற்றி, இரண்டில் ஒன்று போதும். ஜேர்மனியில் தேசிய சிறுபான்மையினரின் கட்சிகளுக்கு வெட்டுப்புள்ளியே இல்லை.

வாக்காளருக்கு இரண்டு வாக்கு கொடுப்பதா, ஒன்றா என்பதில் அவசரப்பட வேண்டாம். உள்ளூராட்சியில் ஒரே வாக்குத்தான். வட்டாரத்தில் நல்ல மனிதர் நின்றால் அவருடைய கட்சிக்கும் சேர்த்தே போட வேண்டியிருக்கிறது. இரண்டு வாக்கு அதை நீக்கும். ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. தொகுதிக்கு ஒரு கட்சி, பட்டியலுக்கு அதே ஆட்கள் நடத்தும் இன்னொரு கட்சி என்று நிறுத்தினால், வென்ற தொகுதிகள் பட்டியல் கணக்கில் கழியாது. 2007இல் லெசோத்தோவிலும் 2020இல் தென் கொரியாவிலும் இதைத்தான் செய்தார்கள். லெசோத்தோ பிறகு ஒற்றை வாக்குக்குத் திரும்பியது. இரண்டு வாக்கு வேண்டுமானால், தொகுதியில் நிற்கும் கட்சி அதே சின்னத்தில் பட்டியலும் தர வேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள். வீக்கத்துக்கும் உச்சம் வையுங்கள். ஜேர்மனியின் பாராளுமன்றம் 598 அடிப்படையிலிருந்து 2021இல் 736 வரை போய், 2023 திருத்தத்தில்தான் 630 என்று கட்டிப்போட்டார்கள்.

பட்டியலில் யார் உள்ளே போவது என்ற முடிவைத் தேர்தலுக்குப் பிறகு கட்சிச் செயலாளர் கையில் கொடுக்கக் கூடாது. இன்றைய தேசியப் பட்டியலில் தோற்ற வேட்பாளரையே மறுவாசலால் கொண்டுவர இடமிருக்கிறது. வரிசை வேட்புமனுவிலேயே இருக்க வேண்டும், அதை வாக்காளர் ஒரே ஒரு விருப்பு வாக்கால் மாற்ற முடிய வேண்டும். களம் மாகாணமாகும்போது செலவும் உட்கட்சிச் சண்டையும் பெருகாமல் இருக்க, கட்சியின் வாக்கில் குறிப்பிட்ட பங்கை, உதாரணமாக ஐந்து சதவீதத்தை, தாண்டியவர் மட்டும் வரிசையில் மேலே வரலாம். மலையக வாக்காளருக்கு நான் கேட்ட மாற்று வாசல் இதுவும் பல அங்கத்தவர் தொகுதியும் சேர்ந்ததுதான்.

இதெல்லாம் அரசியலமைப்புத் திருத்தம், 150 வாக்கு வேண்டும். பெரிய மாவட்டங்கள் எல்லாவற்றையும் பிரிப்பதற்குக்கூட, தேர்தல் மாவட்டம் 24ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பை முதலில் தளர்த்த வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எத்தனை முறை எழுதினாலும் ஆறாத விஷயம் இது. தபால் வாக்கு அரச ஊழியர், படையினர், பொலிஸ் போன்றவர்களுக்குத்தான். ஹட்டனிலிருந்தும் பசறையிலிருந்தும் வந்து கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும், கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்கும் அது இல்லை. வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்புபவர்களுக்கு வாக்களிக்கவே வழியில்லை. எந்த முறை வந்தாலும் இவர்கள் வாக்கு பெட்டிக்குள் விழப்போவதில்லை. முற்கூட்டிய வாக்களிப்பு நிலையம் ஒன்றை வேலை செய்யும் ஊரில் வைப்பதற்கு எந்த எல்லை நிர்ணயமும் தேவையில்லை.

அதுவரை உங்களிடம் வேலை செய்பவர்களுக்கோ உங்களுக்கோ இது பயன்படலாம்: வாக்களிக்கச் சம்பளத்துடன் குறைந்தது நான்கு மணி நேர லீவு சட்டப்படி உரியது. தூரத்தைப் பொறுத்து 40 கிலோமீற்றர் வரை அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்பது தேர்தல் காலத்தில் அறிவிக்கப்படும் அளவு. வாயால் கேட்டால் மறுப்பது எளிது. எழுத்தில் கேளுங்கள், பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.